“இன்றேல், ஏன்?” – பாராளுமன்றத்தில கேட்ட கேள்விக்கு வந்த பதிலை வச்சு என்ன செய்யலாம்?

நெல்லிமரத்தடி (வெள்ளவத்தை) – ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

என்ர மகள் கொழும்பில ஒரு தமிழ்மொழிமூல அரசாங்கப் பள்ளிக்கூடத்தில ஒன்பதாம் ஆண்டு படிக்கிறா. பள்ளிக்கூடத்தின்ர பெயர் வேண்டாம். அங்க கீழ விஞ்ஞான ஆய்வுகூடம், மேல வகுப்பறைகள் எண்டு ஒரு மூண்டுமாடிக் கட்டடம் தொடங்கினவை. 2022இல வேலை நிண்டது. தூண் எழும்பி, முதல் தட்டும் போட்டாச்சு. அதுக்கு மேல கம்பிகள் துருப்பிடிச்சு வானத்தைப் பார்த்து நிக்குது. மழை பெய்தால் தட்டில தண்ணி தேங்குது, நுளம்பு பெருகுது. நாலு வகுப்பு இப்பவும் பிரதான மண்டபத்தில அலுமாரிகளை நடுவில வச்சுப் பிரிச்சு நடக்குது. ஒரு பக்கம் சமயம் படிப்பிக்கிற சத்தத்தில மற்றப் பக்கம் கணக்கு விளங்காது.

நாங்கள் ஆறு பெற்றோர் சேர்ந்து ஒரு பாராளுமன்ற உறுப்பினரைப் போய்க் கண்டம். தட்டிக்கழிக்காமல் இருந்து கேட்டார். வாய்மூல விடைக்கான கேள்வியாக் குடுத்தார். மாதக்கணக்காக் காத்திருந்தம். முதல்தரம் ஒழுங்குப் பத்திரத்தில (சபையின்ர அண்டைய நிகழ்ச்சிநிரல்) வந்த அண்டைக்கு அமைச்சர் பக்கத்தில அவகாசம் கேட்டினம். அடுத்த தரம் எங்கட உறுப்பினர் சபையில இல்லை. மூண்டாந்தரம்தான் பதில் வந்தது. நான் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு நேரலையில பார்த்தனான்.

கேள்வி இவ்வளவுதான். அந்தக் கட்டட வேலை இடைநடுவில நிக்குதா? அதைப் பூர்த்திசெய்ய நடவடிக்கை எடுக்கப்படுமா? கடைசியா, எல்லாக் கேள்விக்கும் வாற அந்த வரி: “இன்றேல், ஏன்?”

பதில்: ஆம். நிதி ஏற்பாடு கிடைத்ததும் நடவடிக்கை எடுக்கப்படும். “இன்றேல், ஏன்” எண்டதுக்கு: எழவில்லை.

“எழவில்லை” எண்ட அந்த ஒரு சொல்லு எனக்கு இன்னும் நெஞ்சில நிக்குது. எங்களுக்கு எழும்பின கேள்வி அவைக்கு எழவில்லை. பதிலை அச்சடிச்சு வச்சிருக்கிறன். இனி இதை என்ன செய்யிறது? இதோட முடிஞ்சுதா? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

முகத்துவாரக்காத்து – ஞாயிறு, இரவு 9.51

அக்கா, உங்கட மனசு விளங்குது. ஆனா உண்மையைச் சொல்றன், அங்க கேக்கிறதும் பதில் சொல்றதும் ஹன்சாட்டில (சபையில பேசினதை அச்சடிக்கிற பதிவு) அச்சாகிறதோட சரி. மீதொட்டமுல்ல குப்பைமேட்டை நினைச்சுப் பாருங்க. அது ஆபத்து எண்டு சனம் வீதியில இறங்கிக் கத்திச்சு. பாராளுமன்றத்திலயும் எச்சரிச்சாங்க. 2017 சித்திரைப் புத்தாண்டு அண்டைக்கு மேடு சரிஞ்சு வீடுகளை மூடிச்சு. முப்பது பேருக்கு மேல செத்தாங்க. என்னோட வேலை செய்த பொடியன் ஒருத்தன்ட சொந்தக்காரங்களும் அதுல போனாங்க. சபையில பேசின பேச்சு ஹன்சாட்டில பத்திரமா இருக்கு. ஆக்கள் இல்லை.

நான் கோவத்தில சொல்லேல்ல. உங்கட நேரத்தை வேற வழியில போடுங்க எண்டுதான் சொல்றன்.

மருதானை_நாநா – ஞாயிறு, இரவு 10.34

தங்கச்சி, நான் சில்லறைக்கடைக்காரன். கேள்வி கேட்டா என்ன நடக்கும் எண்டு எனக்குப் படிப்பிச்சது சீனி.

2020 ஒக்டோபர் 13 வரைக்கும் இறக்குமதிச் சீனிக்கு கிலோவுக்கு 50 ரூபா விசேட வியாபாரப் பண்ட அறவீடு எண்ட வரி. அண்டைக்கு ஒரே வர்த்தமானியில அது 25 சதமாகிச்சு. ஐம்பது ரூபா எங்க, இருபத்தைந்து சதம் எங்க! சனத்துக்கு விலை குறையும் எண்டு சொன்னாங்க. என்ட கடையில அப்பிடிக் குறையல்ல. மொத்தக்கடையில எனக்குக் குறைஞ்சா தானே நான் குறைக்கலாம்? வாடிக்கையாளர் என்னையத்தான் ஏசினாங்க. வாப்பா காலத்துல இருந்து வாற ஆக்கள், “நாநா, அரசாங்கம் குறைச்சிட்டுது, நீங்க குறைக்கல்லயே” எண்டு முகத்துக்கு நேரா கேட்டாங்க. ரெண்டு மாசம் எனக்குத் தூக்கம் சரியில்ல.

பொறகு பாராளுமன்றத்து நிதிக்குழுவுல அதிகாரிமாரைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் கணக்கு வெளிய வந்திச்சு. அரசாங்கத்துக்கு வராமப் போன வரி 1,500 கோடிக்கு மேல. அந்தக் கணக்கு பேப்பர்ல வந்த அண்டைக்கு நான் அதை வெட்டி கல்லாவுக்கு மேல ஒட்டினன். போன காசு திரும்பி வரல்ல, அது உண்மை. ஆனா என்னையக் கள்ளன் எண்டு நினைச்ச ஆக்களுக்கு நான் விரலால காட்டக்கூடிய மாதிரி ஒரு எண் இருந்திச்சு.

அப்ப தெரிஞ்சுகொண்ட இன்னொண்டையும் சொல்றன். இந்த வரி 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ வாறது. அமைச்சர் வர்த்தமானி போட்ட உடனே நடைமுறைக்கு வந்திரும். பாராளுமன்றத்துக்கு அது பொறகுதான் போகும். அதனால சபையில “அங்கீகரிக்கிறீங்களா” எண்டு கேக்கிற நேரம் கப்பல் இறக்கி, சாமான் வித்து முடிஞ்சிருக்கும். கேள்வி பிந்தினா என்ன நட்டம் எண்டு நான் கண்ணால கண்டவன்.

கணக்குப்பிள்ளை – திங்கள், காலை 5.48

நான் அரசாங்கக் கணக்குக் கிளையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். பாராளுமன்றக் கேள்வி ஒன்றுக்கு விடை தயாரிக்கும் மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். நெல்லிமரத்தடி, உங்கள் கேள்வி வீண்போகவில்லை. ஆனால் எழுதிய விதத்தில் அது அமைச்சுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

“நிற்கிறதா?” என்று கேட்டால் “ஆம்” போதும். “நடவடிக்கை எடுக்கப்படுமா?” என்று கேட்டால் “எடுக்கப்படும்” போதும். விடை “ஆம்” என்று வந்தபின் “இன்றேல், ஏன்” என்பதற்கு இடமில்லை, அதுதான் “எழவில்லை”. அதை எழுதிய எழுதுவினைஞருக்கு உங்கள் பிள்ளைமேல் இரக்கம் இல்லை என்று எண்ணவேண்டாம். ஒரு வரியில் முடிக்கக்கூடிய கேள்வியை எவரும் ஒரு வரியில்தான் முடிப்பார்.

அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பாராளுமன்றத்திலிருந்து கேள்வி அமைச்சுக்கு வரும். அமைச்சு திணைக்களத்துக்கு அனுப்பும், அது மாகாணத்துக்கு, கல்வி வலயத்துக்கு என்று இறங்கி, கடைசியில் அந்தப் பள்ளிக்கூட அதிபரின் மேசை வரைக்கும் போகும். கோப்பின் மேல் “பாராளுமன்றக் கேள்வி” என்று எழுதியிருந்தால் மற்றக் கோப்புகளெல்லாம் ஒதுங்கி வழிவிடும். அது நான் முப்பது வருடம் கண்ட உண்மை. இரண்டு வருடம் ஒரே அலுமாரியில் கிடந்த கோப்பு ஒரு பிற்பகலில் மூன்று மேசை தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் அந்த எண்ணுக்குக் கீழே ஓர் அதிகாரி கையொப்பமிட வேண்டும். பிழையான எண்ணை அமைச்சர் சபையில் வாசித்தால் மறுநாள் யார் நிற்பது என்பது எல்லோருக்கும் தெரியும். கேள்வியின் பலன் பாராளுமன்றம் இருக்கும் தியவன்னா ஓயாவில் மட்டும் இல்லை. வலயக் கந்தோரில் ஒருவர் எழுந்துபோய்க் கோப்பைத் தேடுவதிலும் இருக்கிறது.

ஆகவே கோப்பைத் தேடவைக்கும் கேள்வியைக் கேளுங்கள்.

காசு மூன்று படியில் நடக்கும். முதலாவது ஒதுக்கீடு. வரவு செலவு மதிப்பீட்டுப் புத்தகத்தில் ஒரு தலைப்பின் கீழ் அச்சாகும் தொகை அது. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் நிறைவேறியதும் அமைச்சர்மார் ஊரெல்லாம் சொல்வது அந்தத் தொகையைத்தான். இரண்டாவது, திறைசேரி உண்மையில் விடுவித்த காசு. நாங்கள் கட்டுநிதி என்போம். மூன்றாவது, வேலை செய்து, அளந்து, பில் உறுதிப்படுத்திக் கொடுத்த காசு. இந்த மூன்றும் ஒன்றாயிருந்த வருடம் அபூர்வம். “5 கோடி ஒதுக்கினோம்” என்பது பொய்யாக இருக்காது. அதில் ஒரு சதமும் விடுவிக்கப்படாமல் இருந்தாலும் அந்த வாக்கியம் உண்மைதான். டிசெம்பர் 31க்குள் செலவழியாத ஒதுக்கீடு அந்த வருடத்தோடு காலாவதியாகும். அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து.

உதாரணத்துக்கு, 2025 பெப்ரவரி 17 வரவு செலவுத் திட்ட உரையில் யாழ்ப்பாண நூலகத்துக்கு 10 கோடியும் வடக்கின் வீதிகள், பாலங்களுக்கு 500 கோடியும் சொல்லப்பட்டன. நல்ல செய்திதான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் நமது உறுப்பினர்கள் கேட்கவேண்டியது, அதில் ஜூன் முடிவில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, செப்டெம்பர் முடிவில் எவ்வளவு செலவானது என்பது. வருடம் முடிந்தபின் கேட்டால் மரண அறிவித்தல் வாசிப்பதுபோல்தான் இருக்கும்.

உங்கள் கட்டடம் 2022இல் நின்றது என்கிறீர்கள். அந்த வருடம் நாடு முழுவதும் இப்படித்தான். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தினார்கள். டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. கம்பி, சீமெந்து விலை ஏறியது. பழைய விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவரால் தொடர முடியாது. புதிய வேலைகளுக்கும் மூலதனச் செலவுக்கும் திறைசேரி கதவைச் சாத்தியது. ஆகவே “ஏன் நின்றது” என்பது இரகசியம் அல்ல. அந்த ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, முடிவுறுத்தப்பட்டதா என்பதைத்தான் முதலில் அறியவேண்டும். அது தெரியாமல் அடுத்த காசு வராது.

நெல்லிமரத்தடி – திங்கள், காலை 7.05

ஐயா, வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்திட்டன். நாங்கள் ஆறு பேரும் உறுப்பினரிட்டக் கேட்டதே பிழை எண்டு இப்பத்தான் விளங்குது. “கட்டடத்தைக் கட்டித்தரச் சொல்லுங்கோ” எண்டுதான் கேட்டனாங்கள். அவர் அதைத்தான் கேள்வியா மாத்தினவர்.

முகத்துவாரக்காத்து தம்பி, நீங்கள் சொன்னதையும் மறக்கேல்ல. அந்த ஆக்களின்ர நினைப்பு எனக்கும் இருக்கு.

சட்டம்_மூன்றாம்வருஷம் – திங்கள், பகல் 12.40

அக்கா, முதல்ல ஒண்டு கேக்கணும். உங்கட பள்ளிக்கூடம் தேசிய பாடசாலையா, மாகாணப் பாடசாலையா?

மாகாணப் பாடசாலை எண்டா அது மாகாண சபைக்குக் கீழ. மத்திய கல்வி அமைச்சர் “இது மாகாணத்துக்குரிய விடயம்” எண்டு சொல்லிட்டு இருக்கலாம். சரி, மாகாண சபையில கேப்பம் எண்டா, மேல் மாகாண சபைட காலம் 2019இலயே முடிஞ்சுது. அதுக்குப் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநர்தான் நடத்துறார். ஆளுநர் ஜனாதிபதி நியமிக்கிறவர். வாக்குப் போட்டுத் தெரிஞ்செடுத்த உறுப்பினர் ஒருத்தர் எழும்பி நிண்டு கேள்வி கேக்கிற இடமே அங்க இல்லை. கொழும்பில எத்தனையோ தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இந்தப் பொந்துக்குள்ளதான் விழுந்து கிடக்கு. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்காக மாகாணத்தில கேள்வி கேக்கிறதுக்கு ஒரு கதிரைகூட நிரம்பி இல்லை எண்டதை நினைச்சா எனக்குக் கோவம் வருது.

இது ஏன் இப்பிடி ஆச்சு எண்டு எங்கட விரிவுரையில படிச்சம். 2017இல தேர்தல் முறையை மாத்தினாங்க. அதுக்குத் தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை வேணும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்ட்டில பாராளுமன்றத்துக்கு வந்தப்போ எதிரா 139 வாக்கு, ஆதரவா ஒண்டுகூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிராப் போட்டார். பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை. அந்த நிலையிலயே சபைகள் ஒண்டொண்டாக் காலாவதி.

இன்னொரு வழி இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இது மாகாணத்துக்கும் செல்லும், வலயக் கந்தோருக்கும் செல்லும். எழுத்தில விண்ணப்பம் குடுத்தா 14 வேலை நாளுக்குள்ள தாறம், தரமாட்டம் எண்டு முடிவு சொல்லணும். ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. ஒப்பந்தத் தொகை, நிப்பாட்டின கடிதம், கடைசி அளவீட்டு அறிக்கை எல்லாம் இதில எடுக்கலாம். எடுத்து உறுப்பினர்ட கையில குடுங்க. அவர்ட கையில கடதாசி இருந்தா அமைச்சர்ட பதில் வேற மாதிரி வரும்.

கணக்குப்பிள்ளை – திங்கள், பகல் 1.15

பிள்ளை சரியாகச் சொல்கிறார். ஆனால் ஒரு திருத்தம். மாகாணப் பாடசாலையிலும் கட்டடம் சில வேளைகளில் மத்திய அமைச்சின் கருத்திட்டக் காசில் எழும்பும். ஆகவே யாருடைய பாடசாலை என்று கேட்பதோடு, யாருடைய காசு என்றும் கேளுங்கள். கட்டடம் தொடங்கிய நாளில் நட்ட பெயர்ப்பலகை இருந்தால் அதிலேயே எழுதியிருக்கும்.

ஹட்டன்_பஸ் – திங்கள், மாலை 6.22

வணக்கம்ங்க. நான் கிராண்ட்பாஸ்ல இருக்கேன், ஊரு ஹட்டன் பக்கம். எல்லாரும் கேள்விய பத்தி பேசுறீங்க, நான் பதிலோட பாஷைய பத்தி சொல்லணும்.

எங்க அம்மா தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. சம்பளம் ஆயிரம் ரூபா ஆகும், ஆகும்னு எத்தனை வருஷம் சொன்னாங்க! சபையில கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சம்பள நிர்ணய சபை மூலமா 2021 மார்ச்லதான் வர்த்தமானி வந்துச்சு. அதுக்குள்ள அந்த ஆயிரத்துக்கு இருந்த மதிப்பு போயிருச்சு. 2024ல 1,350 ஆச்சு. இதுல ஒவ்வொரு தடவையும் என்ன பதில் சொன்னாங்கன்னு அம்மாவுக்கு வாசிச்சு சொல்லணும்னு ஹன்சாட்ட எடுப்பேன். கேள்வி தமிழ்லயும் அச்சாகி இருக்கும். கீழ பதில் அமைச்சர் பேசுன பாஷையில மட்டும்தான். சபைக்குள்ள உரைபெயர்ப்பு இருக்கு, காதுல மாட்டிக்கிட்டா தமிழ்ல கேக்கும். ஆனா அது காத்தோட போயிடுது, அச்சுக்கு வர்றதில்ல.

எனக்கு சிங்களம் நல்லா பேச வரும், அரசாங்கக் கடிதம் மாதிரி எழுதுனா பாதி புரியாது. பக்கத்து வீட்டு ஐயாகிட்ட கொண்டுபோவேன். அம்மா கேட்ட கேள்விக்கு வந்த பதில, ரெண்டு பேர் வாய் தாண்டித்தான் அம்மா காதுக்கு கொண்டுபோக முடிஞ்சுது. 1987ல இருந்து தமிழும் அரச கரும மொழின்னு அரசியலமைப்புல இருக்கு. கேள்வி தமிழ்ல இருந்தா பதிலும் தமிழ்ல அச்சாகணும்ங்க. இத யாராவது ஒரு உறுப்பினர் கேள்வியா கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

மருதானை_நாநா – திங்கள், இரவு 8.10

தம்பி, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. உம்மாவுக்கு ஸலாம் சொல்லுங்க.

முகத்துவாரக்காத்து – திங்கள், இரவு 9.02

எல்லாம் வாசிச்சன். கணக்குப்பிள்ளை ஐயா, உங்கட்ட நேராக் கேக்கிறன். கோப் குழு (அரச நிறுவனங்கள்ட கணக்கைப் பாக்கிற பாராளுமன்றக் குழு), கோபா குழு (அமைச்சு, திணைக்களங்கள்ட கணக்கைப் பாக்கிறது) எல்லாம் எத்தனை வருஷமா நடக்குது? மத்திய வங்கிப் பிணைமுறி (அரசாங்கம் கடன் வாங்க விக்கிற பத்திரம்) விஷயத்தையே எடுங்க. 2015 பெப்ரவரி 27 ஏலத்தில 100 கோடிக்கு அறிவிச்சிட்டு 1,000 கோடிக்கு மேல எடுத்தாங்க. கோப் குழு விசாரிச்சுது, 2016 ஒக்டோபர்ல அறிக்கை வந்துது. என்ன ஆச்சு? அரசாங்கப் பக்கத்து உறுப்பினர்கள் அந்த அறிக்கைக்கே அடிக்குறிப்பு எழுதினாங்க. கேள்வி கேக்க அனுப்பின ஆக்களே பதிலைக் காப்பாத்துறதுக்கு அங்க இருந்தா, எழுதிற விதத்தை மாத்தி என்ன பிரயோசனம்?

கணக்குப்பிள்ளை – செவ்வாய், காலை 5.30

முகத்துவாரக்காத்து, உங்கள் கேள்வி நியாயமானது. அதை நான் மழுப்பமாட்டேன்.

கோபா 1921இல் தொடங்கியது, கோப் 1979இல். இவற்றின் அறிக்கைகளில் சொன்னவை எல்லாம் நடந்திருந்தால் இந்த நாடு 2022ஐக் கண்டிருக்காது என்று நான் மனதார நம்புகிறேன். குழுவால் தண்டிக்க முடியாது. அது பரிந்துரைக்கும், சபை கேட்கும், அரசாங்கம் செய்யும் அல்லது செய்யாது. 2021 டிசெம்பரில் பாராளுமன்றக் கூட்டத்தொடரை முடிவுறுத்தியபோது அந்தக் குழுக்களே கலைந்து, மறுபடி புதிதாக அமைக்கவேண்டி வந்தது. இது பெரிய ஓட்டை. பதவியில் இருந்தபோதே எனக்கு ஆத்திரம் தந்த ஓட்டை.

ஆனால் பிணைமுறியில் ஒன்றைக் கவனியுங்கள். அடிக்குறிப்பு எழுதவேண்டிய தேவை ஏன் வந்தது? அறிக்கையில் எண்கள் இருந்தன. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை இருந்தது. அவற்றை மறைக்க முடியாததால்தான் ஓரத்தில் எழுதினார்கள். 2017 ஜனவரியில் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கவேண்டி வந்ததும் அதனால்தான். முடிவு நமக்குத் திருப்தி தரவில்லை. அது வேறு. எண்கள் வெளியே வராமல் இருந்திருந்தால் நீங்கள் இன்று அந்த 100 கோடியையும் 1,000 கோடியையும் இங்கே எழுதியிருக்க மாட்டீர்கள்.

மீதொட்டமுல்லவுக்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே எச்சரிக்கை சொல்லப்பட்டது, எண்ணும் சொல்லப்பட்டது, கேட்கவேண்டியவர்கள் கேட்டும் இருந்தார்கள். உயிர் போனபின் நான் என்ன சொன்னாலும் அது சாட்டுத்தான்.

ஒரு பழைய கதை. 1953இல் நிதி அமைச்சர் அரிசி மானியத்தை வெட்டியபோது ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. சபைக்குள் எதிர்த்தார்கள். ஓகஸ்ட் 12இல் வெளியே ஹர்த்தால் நடந்தது, உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். என் தகப்பனார் அந்த 70 சதத்தைச் சாகும்வரை சொன்னார். சபைக்குள் கேட்பவர்களுக்கும் தெருவில் நிற்பவர்களுக்கும் ஒரே எண் கையில் இருந்தது. அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை அரச நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கே கொடுக்கிறது. அந்த அதிகாரத்தை அவர்கள் கையில் எடுக்காவிட்டால் எடுக்கவைப்பது வாக்களித்தவர்களின் வேலை. அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முகத்துவாரக்காத்து – செவ்வாய், காலை 7.44

மீதொட்டமுல்லவுக்கு நீங்க சாட்டுச் சொல்லாமல் விட்டதுக்கு நன்றி ஐயா. மற்றதில எனக்கு இன்னும் நம்பிக்கை வரேல்ல. ஆனா அக்கா கேள்வி எழுதினா நானும் வாசிச்சுச் சொல்றன்.

நெல்லிமரத்தடி – வியாழன், இரவு 10.15

பெயர்ப்பலகையைப் போய்ப் பார்த்தனான். கட்டடத்துக்குப் பின்பக்கம் புல்லுக்குள்ள சாய்ஞ்சு கிடந்தது. பள்ளிக்கூடம் மாகாணத்தோடது, காசு மத்திய அமைச்சின்ர கருத்திட்டம். ஐயா சொன்ன மாதிரியேதான். தொடங்கின வருஷம், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தகாரர் எல்லாம் அதில இருக்கு. இவ்வளவு நாளும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறம்.

தகவல் உரிமை விண்ணப்பம் நேற்று வலயக் கந்தோரில குடுத்தாச்சு, கிடைத்ததுக்குக் கடிதமும் வாங்கினன். கேள்வியை இப்பிடி எழுதியிருக்கிறன். பிழை சொல்லுங்கோ.

“(அ) மேற்படி கட்டடத்துக்கு 2020 முதல் இன்றுவரை ஒவ்வொரு வருடமும் ஒதுக்கப்பட்ட தொகை, திறைசேரி விடுவித்த தொகை, செலவிடப்பட்ட தொகை என்பன வெவ்வேறாக யாவை, (ஆ) ஒப்பந்தம் தற்போது நடைமுறையில் உள்ளதா, முடிவுறுத்தப்பட்டதா, முடிவுறுத்தப்பட்டதாயின் திகதி யாது, (இ) செய்து அளக்கப்பட்ட வேலைக்கு இன்னும் கொடுக்கப்படாத பில்களின் தொகை எவ்வளவு, (ஈ) மிகுதி வேலைக்கு இன்றைய விலையில் மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளதா, (உ) இன்றேல், ஏன் என்பதையும் அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?”

சட்டம்_மூன்றாம்வருஷம் – வியாழன், இரவு 10.40

(ஈ)இல “தயாரிக்கப்பட்டுள்ளதா” எண்டு மட்டும் விட்டா “தயாரிக்கப்பட்டு வருகிறது” எண்டு வரும். “அம்மதிப்பீட்டின் தொகையும் திகதியும் யாவை” எண்டு சேருங்க. மற்றது, துருப்பிடிச்ச கம்பி. அந்தத் தட்டு இப்ப பாதுகாப்பா எண்டு பொறியியலாளர் பார்த்தாரா, பார்த்த திகதி என்ன எண்டும் கேளுங்க. பிள்ளைகள் அதுக்குக் கீழால நடக்கிறாங்க தானே?

முகத்துவாரக்காத்து – வியாழன், இரவு 10.58

பாதுகாப்புக் கேள்வியை முதலாவதாப் போடுங்க அக்கா. காசு பிறகு. இதை நான் கெஞ்சிக் கேக்கிறன்.

நெல்லிமரத்தடி – வியாழன், இரவு 11.10

முதலாவதாப் போட்டாச்சு தம்பி.

ஹட்டன்_பஸ் – வெள்ளி, காலை 6.15

கேள்வி வர்ற அன்னைக்கு பார்வையாளர் கலரிக்கு போலாமாங்க? நானும் வர்றேன். காலை 10லருந்து 11 வரைக்கும் வாய்மூலக் கேள்வி. கொள்ளுப்பிட்டில இருந்து 177ல ஏறுனா பத்தரமுல்ல பக்கம் போயிரும். உறுப்பினர்கிட்ட சொல்லி முன்னாடியே அனுமதி எடுக்கணும், அடையாள அட்டை எல்லாரும் கொண்டு வரணும். அமைச்சர் பதில் சொல்றப்ப அந்த ஆறு பெற்றோரும் மேல உக்காந்திருக்கிறது நல்லதுன்னு தோணுது.

மருதானை_நாநா – வெள்ளி, காலை 8.30

கடையை மகன் பாத்துக்கொள்ளுவான். நானும் வாறன்.

நெல்லிமரத்தடி – மூன்று கிழமைக்குப் பிறகு, வியாழன், பகல் 2.05

எல்லாருக்கும் ஒரு சின்னச் செய்தி. கேள்வி இன்னும் ஒழுங்குப் பத்திரத்துக்கு வரேல்ல. உறுப்பினர் அறிவித்தல் குடுத்திட்டார், வரிசையில நிக்குது. தகவல் உரிமை விண்ணப்பத்துக்கு “தாறம்” எண்டு முடிவு வந்திருக்கு, கடதாசி இன்னும் கைக்கு வரேல்ல.

ஆனா இண்டைக்குக் காலமை ரெண்டு அதிகாரிமார் பள்ளிக்கூடத்துக்கு வந்து, நாடா பிடிச்சு தூணையும் தட்டையும் அளந்துகொண்டு போயிருக்கினம். 2022க்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள்ள அளவுநாடாவோட ஆள் வந்தது இதுதான் முதல்தரம் எண்டு அதிபர் சொன்னார். தட்டுக்குக் கீழால பிள்ளையள் போகாமல் இருக்கத் தகரம் அடைக்கச் சொல்லியும் சொல்லியிருக்கினம். மகள் வந்து சொன்னா, மத்தியானமே அடைச்சாச்சாம்.

முகத்துவாரக்காத்து – வியாழன், பகல் 2.20

தகரம் அடைச்சதுக்கு நன்றி அக்கா.

கணக்குப்பிள்ளை – வியாழன், பகல் 3.02

வந்தவர்கள் எந்தக் கந்தோர் என்று அதிபரின் வருகைப் பதிவேட்டில் இருக்கும். பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். அளந்த திகதியையும் நேரத்தையும் குறித்து உறுப்பினருக்கு அனுப்புங்கள். “மதிப்பீடு தயாராகவில்லை” என்று விடை வந்தால் அந்த இடத்திலேயே அவர் மேலதிகமாகக் கேட்கும் முதலாவது இடையீட்டுக் கேள்வி அதுதான்.

நெல்லிமரத்தடி – வியாழன், பகல் 3.15

படம் எடுத்தாச்சு ஐயா. காலை 10.40க்கு வந்து 11.25க்குப் போயிருக்கினம்.